மடைச் சாவியும் முதல் வண்டியும்

கோக்தெபா, ஃபெர்கானா
1973 அக்டோபர் 4

கால்வாய் ஓரத்து வயலை நான் தாகத்தில் கொன்றேன் என்று ஊர்க் கூட்டத்தில் சொல்லி, முப்பது வருடமாக என் இடுப்பில் கிடந்த மடைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இது அநியாயம். இதை முதலில் எழுதினால்தான் மற்றதை எழுதக் கை வரும்.

இனி சலாம். தங்கச்சி ஹோசியத், நீயும் மாப்பிள்ளை மத்கரீமும் சுகமா? அவர் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? இங்கே நானும் உல்மஸும் உயிரோடு இருக்கிறோம். உன் அண்ணிக்கு முழங்கால் மட்டும் படியேற மறுக்கிறது.

நடந்ததைக் கேள். ஜூலையில் பருத்தி சப்பை பிடித்து மொட்டு வைத்த நேரம், கால்வாய் மூலையில் சில செடிகள் நண்பகலில் தலையைத் தொங்கப் போட்டன. சாயங்காலம் நிமிர்ந்துகொண்டன. பார்க்கிற எவனும் தாகம் என்றுதான் சொல்வான். நானும் இரண்டு தண்ணீர் கூடுதலாக விட்டேன். விட்ட பிறகு இன்னும் வேகமாக விழுந்தன. அடி இலையில் நரம்புக்கு நடுவே மஞ்சள், பிறகு ஓரம் கருகல், பிறகு இலை உதிர்ந்து வெறும் குச்சி. ஒரு செடியைப் பிடுங்கித் தண்டைச் சாய்வாக வெட்டினேன். உள்ளே டீக்கறை போலப் பழுப்பு. வேரிலிருந்து ஏறியிருக்கிறது. மண்ணுக்குள் இருக்கிற பூஞ்சணம் வேர் வழியாகப் புகுந்து தண்ணீர் போகிற குழாயை அடைத்துவிடுகிறது. அடைத்த குழாயில் எவ்வளவு ஊற்றினால் என்ன? ஈரம் கூடினால் அதற்குத்தான் கொண்டாட்டம். அதனால் மடையை மூடினேன். மூடியதுதான் என் குற்றம்.

பண்ணைத் தலைவர் மூமினோவ் கூட்டத்தில் எழுந்து, "தோஷ்மத் அண்ணே, செடி வாயத் தொறந்து தண்ணி கேக்குது. நீங்க மடைய மூடிட்டு டீ குடிச்சிட்டு இருந்திருக்கீங்க" என்றார். சிரித்தார்கள். இது வாடல் நோய் என்றேன். "நம்ம பண்ணையில வாடல் நோய் கெடையாது" என்றார். வசந்தத்திலேயே மாவட்டத்துக்கு அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். புது விதை போட்டதால் நோய் ஒழிந்தது என்று பாராட்டும் வாங்கியிருக்கிறார். ஒழிந்த நோய் என் வயலில் எப்படி இருக்கும்? ஆகவே தாகம்தான். அந்தத் தண்ணீர் என் முலாம்பழக் கொல்லைக்குப் போனதாகவும் ஒருவன் சேர்த்துக்கொண்டான். பயிர் அதிகாரி ஸாமிரா நான் வெட்டிய தண்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. அவளை நான் குறை சொல்லவில்லை.

எங்கள் வேலை அணியின் புதிய தலைவன் எழுந்து போய்ச் சாவியை வாங்கிக்கொண்டான். வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாவி போனதுகூடப் பெரிதில்லை. அடுத்த வருடமும் அதே வயலில் பருத்தி போட்டு, இரட்டைத் தண்ணீர் விடப் போகிறார்களாம். அந்த மூலை முழு வயலாகும், முழு வயல் ஊராகும். என் பெயரும் வயலும் ஒன்றாகப் போகும். நான் விட மாட்டேன்.

மத்கரீமுக்கு என் சலாம். இடுப்பில் ஒட்டகக் கம்பளி கட்டச் சொல்.

உன் அண்ணன்
தோஷ்மத்


ஹோரெஸ்ம்
அக்டோபர் 29

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு ஹோசியத்தின் சலாம்.

கடிதம் கிடைத்தது. உங்கள் கோபத்தைப் பார்த்து நிம்மதியாக இருந்தது. கோபப்படாமல் எழுதியிருந்தால் உடம்புக்கு ஏதோ என்று ரயில் ஏறியிருப்பேன். மத்கரீமின் இடுப்பு பனிக்காலத்தை நினைத்து இப்போதே முனகுகிறது. அண்ணியின் காலுக்குச் சூடான மணல் கட்டுங்கள்.

நீங்கள் சொல்கிற நோயை எனக்கும் தெரியும். நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது எங்கள் கீழ்வயலில் அதே கதை. பருத்தி விழுந்தது, பக்கத்தில் கத்திரி போட்டோம், அது அதைவிடச் சீக்கிரம் விழுந்தது. மாமியார் என் கையில் ராசி இல்லை என்றார். கோதுமை போட்டோம், ஒன்றும் ஆகவில்லை. அதனால் என் கையில் ராசி வந்துவிட்டதாகச் சொன்னார். பிறகு மூன்று வருடம் நெல். முழங்கால் தண்ணீர் கோடை முழுக்க நின்றது. அதற்குப் பிறகு போட்ட பருத்தி நின்றது. நின்ற தண்ணீருக்குள் அந்தப் பூஞ்சணம் மூச்சுத் திணறிச் சாகிறது என்று மத்கரீம் சொல்வார். அவர் யாரிடம் கேட்டாரோ தெரியாது, ஆனால் எங்கள் வயல் பொய் சொல்லவில்லை.

அண்ணா, இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தலைவர் பெயர் இருக்கிறது, அந்தப் பெண் பெயர் இருக்கிறது. சாவியை வாங்கியவன் பெயர் மட்டும் இல்லை. யார் அது?

கபுல்ஜானும் மருமகளும் எப்படி இருக்கிறார்கள்? அவர்களைப் பற்றியும் எழுதவில்லை.

உங்கள் கையை முத்தமிடும்
ஹோசியத்


கோக்தெபா
நவம்பர் 20

தங்கச்சிக்குச் சலாம். மணல் கட்டினோம். உல்மஸ் படியேறுகிறாள், இறங்கும்போதுதான் திட்டுகிறாள்.

நீ கத்திரியைப் பற்றி எழுதியது நல்லது. எனக்கும் அது தெரியும். (தெரியாது என்று நினைத்துக்கொள்ளாதே.) நோய்க்கு எல்லாப் பயிரும் ஒன்றல்ல. பருத்திக்கு எமன். கத்திரிக்கும் சூரியகாந்திக்கும் அதேதான். கோதுமை, சோளம் போன்ற புல் இனத்தை அது தொடுவதில்லை. ஆடுமாடு தின்கிற குதிரைமசாலில் பெரிதாகச் சேதம் இல்லை, மண்ணுக்கும் அது நல்லது. தாகம் மட்டும் எல்லோருக்கும் பொது. அதனால் ஒரே மண், ஒரே தண்ணீர், பல பயிர். எது விழுகிறது, எது நிற்கிறது என்று பார்த்தால் போதும். தாகமா நோயா என்று செடிகளே சொல்லட்டும்.

அந்தச் செத்த மூலையை எனக்கு ஒரு பருவம் விடச் சொல்லி அணிக் கூட்டத்தில் கேட்டேன். மூமினோவ், "அங்க என்ன வெதைப்பீங்க அண்ணே, உங்க தாடியயா?" என்றார். "தாடிய வெதச்சா உங்க அறிக்கைய விட நல்லா மொளைக்கும்" என்றேன். இந்த முறை என் பக்கம் சிரித்தார்கள். அணித் தலைவன்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார். அணித் தலைவன் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு, "அந்த மூலையில எப்படியும் பருத்தித் திட்டக் கணக்குக்கு ஒண்ணும் வராது, குடுத்துடலாம்" என்றான். அவ்வளவுதான்.

இங்கே காய்ந்த பருத்திமாரைப் பிடுங்கி அடுப்பெரிக்க வீட்டுக்கு வீடு அடுக்கிவிட்டார்கள். குளிர் வந்துவிட்டது. மத்கரீமுக்குச் சலாம்.

தோஷ்மத்


ஹோரெஸ்ம்
1974 ஜனவரி 6

அண்ணாவுக்கும் அண்ணிக்கும் புது வருடச் சலாம். எங்கள் ஊரில் வாய்க்கால் உறைந்துவிட்டது. மத்கரீம் அடுப்பை விட்டு நகர்வதில்லை, நானும் துரத்துவதில்லை.

போன வாரம் இங்கே ஒரு கல்யாணம். உங்கள் பக்கத்திலிருந்து பெண் எடுத்திருக்கிறார்கள். பெண் வீட்டுக் கிழவி ஒருத்தி பிலாவ் சோற்றுத் தட்டுக்கு மேலே என்னைப் பார்த்து, "தோஷ்மத் தங்கச்சியா நீ? பாவம் உங்கண்ணன், சொந்த மகனே சாவிய வாங்கிட்டானாமே" என்றாள்.

கபுல்ஜான். ஆக அவன்தான் அந்தப் பெயர் இல்லாத மனிதன்.

இதைப் பற்றி நான் ஒன்றும் எழுத மாட்டேன். ஒரே முற்றம், ஒரே திராட்சைப் பந்தல், நடுவில் அண்ணி இரண்டு பக்கமும் தட்டு சுமந்துகொண்டு நடக்கிறாள் என்று இப்போது புரிகிறது. முழங்கால் வலிக்காமல் என்ன செய்யும்?

இன்னொன்று எழுதுகிறேன். கோபப்படுங்கள், ஆனால் கிழிக்காமல் முழுக்கப் படியுங்கள். குளிர்காலத்தில் ஊர் எரு சேகரிக்கும்போது முதல் வண்டி நம் வீட்டிலிருந்துதான் போகும். காளைக்குச் சிவப்புத் துணி கட்டி, அப்பா காலத்திலிருந்தே. அந்த வண்டி நேராக நல்ல நிலத்துக்குப் போகும், எப்போதும் கால்வாய் மூலைக்கு. அதே மூலையில்தானே நோய் முதலில் வந்தது? போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம் தீவனப் பஞ்சம் என்று எழுதியிருந்தீர்கள். அக்கரைக்காரர்களிடம் பருத்திமார் வாங்கி ஆட்டுக்குப் போட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அக்கரை வயல்களில் நோய் இருந்ததா? ஆட்டு வயிற்றில் அது சாவதில்லை என்று எங்கள் பக்கம் சொல்கிறார்கள். இலையும் காயும் தின்கிற ஆடு, புழுக்கையில் அதை அப்படியே திருப்பிக் கொடுக்குமாம்.

நான் கேட்கிறேன், அவ்வளவுதான்.

ஹோசியத்


கோக்தெபா
மார்ச் 17

தங்கச்சிக்கு.

சுகம். பனி உருகிவிட்டது. நிலத்து உப்பைக் கழுவத் தண்ணீர் விட்டார்கள். வாதுமை பூத்தது, மறுநாள் உறைபனி வந்து பாதிப் பூவைக் கொண்டுபோயிற்று. உல்மஸ் வசந்தத்துக்கு முளைக்கோதுமையில் சுமலக் களி கிண்டினாள், அடியில் கொஞ்சம் பிடித்துவிட்டது. மத்கரீம் நலமா?

இந்த வருடம் எரு வண்டி நம் வீட்டிலிருந்து போகவில்லை. சக்கரம் உடைந்துவிட்டது.

தோஷ்மத்


ஹோரெஸ்ம்
ஏப்ரல் 2

அண்ணாவுக்குச் சலாம். இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த கடிதம் கைக்குட்டை அளவு இருந்தது. மத்கரீம் வாசித்துவிட்டு, சக்கரம் உடைந்தால் ஊரில் வேறு சக்கரமே இல்லையா என்று கேட்டார். நல்ல வேளையாக உடைந்தது என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

இத்துடன் நம் ஊர் ரயில்காரப் பையன் கையில் ஒரு பை நெல் விதை வருகிறது. அந்த மூலையின் தாழ்ந்த பக்கம் ஒரு சிறு பாத்தி கட்டி, தண்ணீர் நிறுத்துங்கள். அதன் பலன் இந்த வருடம் தெரியாது. அடுத்த வருடம் அதில் பருத்தி போட்டுப் பார்க்கலாம்.

கத்திரியை நெல்லுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மூழ்கிச் செத்தது என்பார்கள். நடுவில் சோளத்தை வையுங்கள்.

முக்கியமானது இது. நீங்கள் மடையைத் தொடாதீர்கள். ஒரு முறைகூடத் தொடாதீர்கள். வாய்க்கால் கரையில் நின்றாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் மேல் சொன்ன குற்றம் தண்ணீர் விடவில்லை என்பது. ஆகவே தண்ணீர் விடுகிறவன் நீங்களாக இருக்கக் கூடாது. சாவி யாரிடம் இருக்கிறதோ அவனே திறக்கட்டும், அவன் இஷ்டத்துக்கு, மூமினோவ் சொல்கிற அளவுக்கு. அதற்குப் பிறகும் விழுந்தால் யாரைக் குற்றம் சொல்வார்கள்?

அவனிடம் நீங்கள் கேட்க வேண்டும். வாயைத் திறந்து. அண்ணியை அனுப்பக் கூடாது.

ஹோசியத்


கோக்தெபா
ஜூன் 9

தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் சலாம். நெல் விதை வந்தது. பையன் பாதி வழியில் பையைத் தலையணை ஆக்கித் தூங்கியிருக்கிறான், ஆனாலும் முளைத்துவிட்டது.

மூலையைப் பட்டை பட்டையாகப் பிரித்தேன். தாழ்ந்த பக்கம் நெல். அடுத்து சோளம், கோதுமை, குதிரைமசால். மேட்டில் பருத்தி, கத்திரி, சூரியகாந்தி. எல்லாவற்றுக்கும் ஒரே வாய்க்கால். கோதுமை இப்போதே கதிர் முற்றிக் காற்றில் சலசலக்கிறது, ஒரு தாள்கூட நோயில் சாயவில்லை. கத்திரியை நெல்லிலிருந்து தூரமாகத்தான் வைத்தேன். நீ சொல்வதற்கு முன்பே அப்படித்தான் நினைத்திருந்தேன்.

உல்மஸ் ஒரு வேலை செய்தாள், நான் சொல்லாமலே. அதே கத்திரி நாற்றில் கொஞ்சத்தை எடுத்து, கலப்பையே படாத குன்றுச் சரிவிலிருந்து மண் அள்ளிவந்து, பழைய மரத் தொட்டிகளில் நட்டாள். வாய்க்கால் கரையில் வரிசையாக வைத்திருக்கிறாள். அதே நாற்று, அதே தண்ணீர், வேறு மண். முழங்கால் வலிக்கவில்லையா என்று கேட்டேன். "மண்ணு சொமக்கும்போது வலிக்கல. ஒரே முத்தத்துல ரெண்டு சாப்பாடு சொமக்கும்போதுதான் வலிக்குது" என்றாள்.

தண்ணீரைப் பற்றி. போய்க் கேட்டேன். அவன் டிராக்டர் சக்கரத்துக்கு அடியில் படுத்திருந்தான், கால் மட்டும் வெளியே தெரிந்தது. காலிடம் பேசுவது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. "அந்த மூலைக்கு நான் தண்ணி தொட மாட்டேன். நீ விடு. முழு முறையும் விடு. தலைவர் கணக்குப்படி விடு" என்றேன். உள்ளே ஸ்பேனர் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு அடியிலிருந்து, "சரி" என்றது கால்.

விடுகிறான். ஒரு முறைகூடத் தவறவில்லை. நான் கரையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். போகிற வருகிறவர்கள் கைதி என்று கேலி செய்கிறார்கள். ஸாமிரா வாரம் ஒரு முறை வந்து பேசாமல் பார்த்துவிட்டுப் போகிறாள்.

மத்கரீம் அடுப்பை விட்டு எழுந்தாரா?

தோஷ்மத்


ஹோரெஸ்ம்
ஜூலை 3

அண்ணாவுக்குச் சலாம். எழுந்தார், இப்போது மர நிழலை விட்டு நகர்வதில்லை.

அந்தக் காலுக்கு என் சலாமைச் சொல்லுங்கள். அடுத்த முறை தலையிடம் பேசிப் பாருங்கள்.

இங்கே நெல்லில் களை. எழுத நேரமில்லை. எது முதலில் விழுகிறது என்று உடனே எழுதுங்கள். தூக்கம் வரவில்லை.

ஹோசியத்


கோக்தெபா
ஆகஸ்டு 25

தங்கச்சி ஹோசியத், சலாம், சலாம், மறுபடியும் சலாம். எல்லோரும் சுகம். நீ உட்கார்ந்துகொண்டு படி. மத்கரீமையும் நிழலிலிருந்து கூப்பிடு.

முதலில் விழுந்தது கத்திரி. ஜூலை நடுவில் ஒரு பக்கத்து இலை மட்டும் மஞ்சளாகி மடங்கியது, பாதி உடம்பு வாதத்தில் விழுந்த மனிதன் மாதிரி. பிறகு பருத்தி. பிறகு சூரியகாந்தி, பூ மலர்ந்த நேரத்தில் கீழிருந்து மேலாக இலை கருகி, தலை தொங்கி நின்றது. அடியில் மண் ஈரமாக இருந்தது, கையில் பிடித்தால் உருண்டையாகும். பக்கத்தில் சோளம் என் தலைக்கு மேலே போய்விட்டது. குதிரைமசாலை இரண்டாம் அறுப்பு அறுத்தாயிற்று. நெல் தண்ணீரில் நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. கரையில் உல்மஸின் தொட்டிக் கத்திரி கொத்துக் கொத்தாகக் காய்த்தது.

போன வாரம் மாவட்டத்திலிருந்து ஒரு பிரதிநிதி வந்தார், வயல் சுற்றிப் பார்க்க. ஐம்பது வயதுக்காரர், கையைப் பார்த்தால் பருத்தி எடுத்த கை. மூமினோவ் அவரைப் பெரிய வயலுக்கு அழைத்துப் போகப் பார்த்தார். பெரிய வயலிலும் இரட்டைத் தண்ணீர் விட்டும் செடி விழுந்துகொண்டிருந்ததால், சாலையோரத்து நல்ல பக்கமாக மட்டும் வண்டியை ஓட்டச் சொன்னார். நான் சாலை நடுவே போய் நின்றேன். ஓட்டுநர் ஹார்ன் அடித்தான். எனக்குக் காது கேட்காத வயது என்று நினைத்துக்கொண்டேன்.

பிரதிநிதி இறங்கி, "என்ன பெரியவரே, வழி மறிக்கிறீங்க?" என்றார். கத்திரி வறுத்து வைத்திருக்கிறோம், கால்வாய் மூலைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். பசி நேரம். வந்தார். பின்னால் அணியில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள்.

உல்மஸ் சாப்பாட்டுத் துப்பட்டி விரித்து, தொட்டிக் கத்திரியைப் பூண்டும் மல்லித்தழையும் போட்டு வறுத்து வைத்திருந்தாள், சூடான ரொட்டியோடு. அவர் சாப்பிட்டுவிட்டு, எந்தப் பாத்தியில் விளைந்தது என்று கேட்டார். உல்மஸ் தொட்டியைக் காட்டினாள். பிறகு அதே நாற்று நட்ட பாத்தியைக் காட்டினாள். குச்சிகள் நின்றன.

மூமினோவ் உடனே பிடித்துக்கொண்டார். "இவரு போன வருஷம் பருத்திய காயப் போட்ட ஆளு. இதையும் காயப் போட்டிருப்பாரு."

இந்த இடத்துக்காகத்தான் நான் பத்து மாதம் காத்திருந்தேன். ஆனால் வாயைத் திறந்தால் என் பேச்சு என் பேச்சுதான் என்று தெரிந்தது. தண்ணீர் விட்டார்களா இல்லையா என்று நான் சொல்லி யார் நம்புவார்கள்? சுற்றிப் பார்த்தேன். ஒருவன் ரொட்டியை மென்றுகொண்டிருந்தான்.

கபுல்ஜான் பின்வரிசையிலிருந்து முன்னால் வந்தான். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துத் துப்பட்டியின் மேல், தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"சாவி வருஷம் பூரா என்கிட்டதான் இருந்துச்சு. இந்த மூலைக்கு ஒரு மொற கூடத் தவறாம நான்தான் தண்ணி விட்டேன். அப்பா மடையத் தொடல. கையப் பின்னால கட்டிக்கிட்டு நின்னத ஊரே பாத்துச்சு. தாகத்துல சாகலைங்க இது. போன வருஷமும் தாகத்துல சாகல. எங்கப்பா சொன்னதுதான் நெசம்."

மூமினோவ் அவனிடம், "யோசிச்சுப் பேசு தம்பி. இந்தச் சாவி திரும்பி உன் இடுப்புக்கு வராது" என்றார். அதற்கு அவன், "அதுக்குத்தான் அவுத்து வெச்சேன் தலைவரே" என்றான்.

பிறகு ஸாமிரா கத்தியை எடுத்தாள். நான் அவளிடம் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. பருத்தியும் கத்திரியும் சூரியகாந்தியும் ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தண்டைச் சாய்வாக வெட்டி வரிசையாகத் துப்பட்டியில் வைத்தாள். மூன்றிலும் ஒரே டீக்கறை. சோளத்தை வெட்டினாள், வெள்ளை. தொட்டிக் கத்திரியை வெட்டினாள், பச்சை. வெட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து, "வாடல் நோய்தாங்க. போன வருஷமே பாத்தேன். அப்ப சொல்ல பயந்துட்டேன்" என்றாள். இந்த முறை அவள் தரையைப் பார்க்கவில்லை.

மூமினோவ் கடைசியாக ஒரு முறை, "நம்ம பண்ணையில நோய் இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கோம்" என்றார். என் வாய் அதற்கு மேல் பொறுக்கவில்லை. "செடிக்கு உங்க அறிக்கையப் படிக்கத் தெரியாது தலைவரே. நானே சொந்தமாத்தான் எழுத்துக் கத்துக்கிட்டேன்" என்றேன். முதலில் சிரித்தவர் பிரதிநிதி. பிறகு எல்லோரும். கடைசியில் மூமினோவும், வேறு வழியில்லாமல்.

பிரதிநிதி சோளத்தட்டையைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே, தன் ஊரிலும் இப்படித்தான் ஒரு வயல் போயிற்று, மறைத்ததால் மூன்று வயல் போயிற்று என்றார். அங்கேயே முடிவாயிற்று. கால்வாய் ஓரத்து வயல் முழுவதும் பருத்தித் திட்டத்திலிருந்து மூன்று வருடம் வெளியே. குதிரைமசாலும் சோளமும். தாழ்ந்த பக்கம் நெல். மூமினோவ் புது அறிக்கை எழுத வேண்டும். என்மேல் சொன்னதை எந்தக் கூட்டத்தில் சொன்னாரோ அதே கூட்டத்தில் திரும்பி எடுக்க வேண்டும். நேற்று எடுத்தார். எழுந்து நின்று, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்தார்.

கிளம்பும்போது பிரதிநிதி சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். தங்கச்சி, அதன் எடை என் இடுப்புக்குத் தெரியும். நீட்டிய கையைப் பார்த்தேன். அப்புறம், "அது எங்க இருக்கணுமோ அங்கதான் இருந்துச்சு. அவன்கிட்டயே குடுங்க" என்றேன்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம், நானும் அவனும். பாதி வழியில் கேட்டேன், அன்று ஏன் சாவியை வாங்கினான் என்று. "நான் வாங்கலன்னா மூமினோவோட மச்சான் வாங்கியிருப்பான் அப்பா. அவனா இருந்தா அந்த மூலைய உங்களுக்குக் குடுத்திருப்பானா?" என்றான். "அன்னிக்கே சொல்ல வேண்டியதுதான" என்றேன். "நீங்க கேக்கவே இல்லையே" என்றான்.

ராத்திரி பந்தலுக்கடியில் ஒரே துப்பட்டி. உல்மஸ் ஒரே தட்டு வைத்தாள், எல்லோருக்கும் நடுவில், முகத்தைத் திருப்பிக்கொண்டு. கண்ணில் வெங்காயம் என்றாள். வெங்காயம் நறுக்கி முடித்து வெகு நேரமாகியிருந்தது.

உன் அண்ணன்
தோஷ்மத்


ஹோரெஸ்ம்
செப்டம்பர் 12

என் அண்ணாவுக்கு, அண்ணிக்கு, கபுல்ஜானுக்கு, மருமகளுக்குச் சலாம். கடிதத்தை மூன்று வீட்டில் சத்தமாக வாசித்துவிட்டேன். மத்கரீம் நாற்காலியிலிருந்து எழுந்து இடுப்பு வலியை மறந்து கை தட்டினார். பிறகு ஞாபகம் வந்து உட்கார்ந்தார்.

எல்லாம் எழுதிவிட்டீர்கள் அண்ணா. தலைவர் தொப்பியைக் கழற்றியது உள்பட. ஆனால் நோய் அந்த மூலைக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லையா? பிரதிநிதி கேட்கவில்லை, சரி. நான் ஜனவரியில் கேட்டேன். ஒரு வரி போதும்.

ஹோசியத்


கோக்தெபா
அக்டோபர் 1

தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் சலாம். சுகம். உல்மஸின் முழங்கால் தேவலை, தட்டு ஒன்றுதான் சுமக்கிறாள்.

உன் கேள்வி கிடைத்தது. எனக்கு வேலை நிறைய இருக்கிறது. வரும் வருடம் செய்ய வேண்டியதை நேற்றுக் கபுல்ஜானோடு உட்கார்ந்து முடிவு செய்தேன். அதையே எழுதுகிறேன்.

நோய் விழுந்த பருத்திமாரை வேரோடு பிடுங்க வேண்டும். உழவில் மடக்கி விடக் கூடாது. இது கபுல்ஜானின் பொறுப்பு. அந்த மார் அடுப்புக்கு மட்டும் போகும், வீட்டுக்கு வீடு போய்ப் பார்க்கிறவள் மருமகள். அவளைத்தான் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் பருத்தி இலையோ காயோ ஊரில் யாரும் போடக் கூடாது. முதலில் எங்கள் வீட்டில் போடக் கூடாது. இது உல்மஸ் பார்த்துக்கொள்வாள். தீவனத்துக்குக் குதிரைமசால் இருக்கிறது. இனி எந்தப் பஞ்சத்திலும் அக்கரையிலிருந்து மார் வாங்குவதில்லை. அக்கரைக்காரர்களிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஏன் என்றும் சொன்னேன்.

எரு இனிப் பச்சையாக வயலுக்குப் போகாது. ஊர்க் கோடியில் குவித்து, மண் பூசி, சூடேறி மக்கும்வரை கிடக்கும். மக்கிய பிறகும் கோதுமை நிலத்துக்கு மட்டும். குவியலைக் காப்பவன் நான். மூக்கு மரத்துப்போன வயது, வசதி.

ஒரு வயலில் உழுத டிராக்டர் அடுத்த வயலுக்குப் போகுமுன் கலப்பையில் ஒட்டிய மண்ணைச் சுரண்ட வேண்டும். ஸாமிரா பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், மூமினோவ் அவளுக்கு ஒரு சைக்கிள் கொடுக்க வேண்டும். கேட்டிருக்கிறேன். கொடுப்பார்.

மூமினோவ் உண்மையை எழுத வேண்டும். எழுதுவதற்குமுன் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

நெல் நின்ற பாத்தியில் வசந்தத்தில் பருத்தி போட்டுப் பார்க்க வேண்டும். விதை நான், தண்ணீர் கபுல்ஜான். மத்கரீம் சொன்னது சரியா என்று அப்போது தெரியும். சரியாக இருந்தால் அவர் பெயரைச் சொல்வேன்.

சாவி கபுல்ஜானிடம் இருக்கும். எப்போது திறப்பது என்று அவன் என்னிடம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நான் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருப்பதுதான் கூடாது.

கடைசியாக, முதல் வண்டி. அது நம் வீட்டிலிருந்துதான் கிளம்பும், காளைக்குச் சிவப்புத் துணியோடு, கால்வாய் மூலைக்கு. எரு இருக்காது. குதிரைமசால் விதை இருக்கும். அந்த விதை மூட்டைமேல் முன்னால் உட்கார்ந்து ஊர் பார்க்கப் போக வேண்டியவள் நீ. மார்ச் பிறந்ததும் மத்கரீமைக் கம்பளியில் சுற்றி ரயிலேற்றிக் கூட்டி வா.

ஏன் நீ என்று ஊர் கேட்டால், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். சக்கரத்தைச் சரி செய்துவிட்டேன்.

உன் அண்ணன்
தோஷ்மத்